இல்லத்தை இனிதாக்கல்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

குடியிருக்கும் இடத்தை இனியதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் விருப்பம் மக்கள் அனைவர்க்கும் பொதுவானது. சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுத்தல், சாளரத்திற்குத் திரையிடுதல், படுக்கையை ஒளியும் காற்றும் நோக்கி இடம்மாற்றிப் போடுதல், ஒரு மூலையில் விளக்கொன்றை நிறுத்துதல் ஆகியன சிறு செயல்களே. எனினும் இச்செயல்களுக்காக மனிதர் செலவிடும் பொருளும் பொழுதும் சிறியன அல்ல. ஓர் அறைக்குள் நுழைந்தவுடன் 'இது இன்னாருடைய அறை' என உணர்கிறோம். வேறோர் அறையில் விலையுயர்ந்த பொருள்கள் பல இருந்தும் அங்கு எவரும் வாழ்வதாகத் தோன்றுவதில்லை. அறைக்கு இவ்வியல்பு எங்கிருந்து வருகிறது? அதனை உண்டாக்க முயல்வது தன்னலத்தின்பாற்பட்டதா, அறத்தின்பாற்பட்டதா? இவ்விரு வினாக்களையும் நெடுநல்வாடை, சிறுபாணாற்றுப்படை, சிலப்பதிகாரம், திருக்குறள் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் கட்டுரையாளர்க்கு நூலறிவால் மட்டும் எழுந்தவை அல்ல. தமிழ் கற்பிக்கும் பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்த முதலாண்டில், மொட்டைமாடியில் அமைந்த, 'பர்சாத்தி' என இந்நகரத்தார் வழங்கும் ஒற்றையறையில் வாடகைக்குக் குடியிருக்க நேர்ந்தது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது நிபந்தனை. வாடகை ஒப்பந்தமோ பதினொரு மாதத்திற்கு உரியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தாக வேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியைத் தவிர்க்கவே இந்தியா முழுவதும் இப்பதினொரு மாதக் கணக்கு பெருவழக்காயிற்று. பதினொரு மாதத்திற்குப் பிறகு நமக்கு உரியதாகுமா என்றறியாத ஓர் அறையை இனிதாக்குவதில் பொருள் உண்டா என்னும் ஐயம் அவ்வாண்டு மார்கழியில், வாடைக் காற்றின் நடுவே எழுந்தது. நெடுநல்வாடையை மாணவர்க்குப் பாடமாகச் சொல்லிவந்த காலமும் அதுவே.

இல், அகம், வீடு

குடியிருக்கும் இடத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களே இச்சிக்கலை உள்ளடக்கி நிற்கின்றன. 'இல்' என்பது மனையைக் குறிக்கும் பெயர். இடப்பொருளை உணர்த்தும் ஏழாம் வேற்றுமை உருபாகவும் அது வழங்குகிறது. 'அகம்' என்பது உள்ளிடத்தையும் உள்ளத்தையும் மனையையும் ஒருங்கே குறிக்கிறது. 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த 'வீடு' என்பதோ குடியிருப்பையும், பற்றனைத்தையும் விட்டு எய்தும் பேற்றையும் சுட்டுகிறது. தங்கும் இடத்திற்கும் விட்டு நீங்கும் நிலைக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழியில், வீட்டை அணிசெய்வது எளிதில் விடைகாண இயலாத ஒரு வினாவாக அமைவதில் வியப்பில்லை.

இல்லத்தை இனிதாக்குவதை ஐயத்தோடு நோக்குவார் இருதிறத்தார். முதலாமவர் துறவு நோக்கினர். உடம்பையே உயிர் ஒதுங்கியிருக்கும் 'துச்சில்' என்றும், நிலையாகப் புகுந்திருக்கும் 'புக்கில்' அதற்கு இன்னும் அமையவில்லை போலும் என்றும் நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் வினவுகிறார் (340). வாடகைக் குடியின் நிலையை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது. உடம்பே ஒண்டுக்குடி எனின், அவ்வுடம்பு தங்கும் அறைக்கு வண்ணம் தீட்டுவானேன் என்பது இவர்தம் வினா.

இரண்டாமவர் சமூக நோக்கினர். வீடற்றோர் சாலையோரத்தில் உறங்கும் நகரில் ஒருவர் தம் அறையின் இனிமையில் திளைப்பது அறமாகுமா என இவர்கள் கேட்பர். நாசிசத்திற்குத் தப்பி அமெரிக்காவில் வாழ்ந்த செருமானிய மெய்யியலாளர் தியோடர் அதோர்னோ, 1951இல் வெளியான 'மினிமா மொராலியா' என்னும் நூலில், தம் வீட்டில் தாம் முற்றும் இயல்பாக இருக்க இயலாமையையே அறத்தின் ஒரு கூறாகக் கண்டார். இவ்விரு மறுப்புகளும் புறந்தள்ளத்தக்கன அல்ல. இவற்றுக்கு விடை காண, இலக்கியம் காட்டும் அறைகளுக்குள் புகுந்து நோக்க வேண்டும்.

நெடுநல்வாடை காட்டும் இரண்டு இடங்கள்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. குளிர்காலத்தில் ஒரு நகரம் எவ்வாறு தன்னை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கிறது என்பதை இதனினும் நுட்பமாகக் காட்டும் சங்கப் பாடல் வேறில்லை எனலாம். வானம் இருண்டிருத்தலால் பித்திகத்தின் அரும்பு மலர்வதைக் கொண்டே பெண்டிர் மாலைப்பொழுதை உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. வேனிலில் பயன்பட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டு, அதன்மேல் சிலந்தி நூல் படர்ந்துள்ளது. சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குளிர்ந்த நீரை அருந்துவார் இல்லை. அகன்ற வாயையுடைய தடவில் மூட்டிய நெருப்பை நாடுகின்றனர். இத்'தடவு' தில்லியில் இன்றும் குளிர்காலத்தில் மூட்டப்பெறும் 'அங்கீட்டி' என்னும் கணப்புச்சட்டியோடு ஒப்பிடத்தக்கது.

இதன்பின் புலவர் அரண்மனைக்குள் அழைத்துச் செல்கிறார். இரண்டு கோல்களை நட்டு அவற்றின் நிழலால் திசையறிந்து, நூலிட்டு அளந்து எழுப்பிய மாளிகை. யவனர் இயற்றிய பாவை விளக்கு. கொடி ஓவியம் எழுதிய சுவர். நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தால் இயன்ற வட்டக் கட்டில். துணையோடு கூடிய அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை. ஓர் அறையை இனிதாக்குவதற்கு அக்காலக் கைவினைஞர் அறிந்த அனைத்தும் அங்கு உள. ஆயினும் அரசி அக்கட்டிலில் கண்ணீருடன் இருக்கிறாள். மேற்கட்டியில் எழுதப்பெற்ற திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அறையின் ஒவ்வொரு பொருளும் இணையை நினைவூட்டுகிறது, இணையோ இல்லை. அறை நிறைவுற்றதாக இருத்தலே அவளது துயரை மிகுவிக்கிறது.

பாடல் இங்கு முடிந்திருக்குமாயின் இது பிரிவுத்துயர் கூறும் பாட்டாக மட்டும் நின்றிருக்கும். புலவர் நம்மைப் பாசறைக்குக் கொண்டுசெல்கிறார். அங்குச் சுவரும் சாளரமும் இல்லை. வாடை வீசுந்தோறும் பாண்டில் விளக்கின் சுடர் சாய்கிறது. நள்ளிரவில் உறங்காத அரசன், வேப்பிலை கட்டிய வேலேந்திய ஒருவன் முன்செல்ல, புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் கண்டு முகமலர்ச்சியோடு பரிவு காட்டுகிறான். இவ்வேம்பினால் பாண்டியன் குறிக்கப்பெறுதலைக் காட்டி நச்சினார்க்கினியர் இப்பாட்டைப் புறம் எனக் கொண்டமை அறிஞர் அறிந்ததே. அகமா, புறமா என்னும் அவ்விவாதத்தை இக்கட்டுரை தொடரவில்லை. ஆயினும் அதன் வழியே வேறொன்று புலனாகிறது: அனைத்தும் அமைந்த அகத்தில் வெதுவெதுப்பு இல்லை, எதுவும் அமையாத புறத்தில் அஃது உண்டு. வெதுவெதுப்பு நெருப்பிலிருந்தும் தூவியிலிருந்தும் மட்டும் வருவதன்று. ஒருவர் இன்னொருவரைத் தேடிவருவதிலிருந்தும் வருகிறது. இவ்வுண்மையைப் பாட்டின் அமைப்பே உணர்த்துகிறது.

மணிக்கால் அமளியும் ஓலைத் தவிசும்

சிலப்பதிகாரத்திலும் இத்தகைய இரண்டு இடங்கள் எதிரெதிராக வைக்கப்பட்டுள்ளன. மனையறம்படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் நெடுநிலை மாடத்தின் இடைநிலத்தில், மயன் செய்தளித்தது போன்ற மணிக்கால் அமளியில் இருக்கின்றனர். தென்றல் புகும் சாளரமும் மலர்மணமும் அங்கு உண்டு. இல்லறம் பேணும்பொருட்டுக் கோவலனின் தாய் தனியே அமைத்துத் தந்த மனை அது. அம்மனையை விட்டே கோவலன் மாதவியிடம் சென்றான்.

மற்றோர் இடம் மதுரையில் மாதரி அளித்த சிற்றில். அஃது அவர்தம் உடைமை அன்று; வாடகைக்குப் பெற்றதும் அன்று; அடைக்கலமாகக் கிடைத்தது. செம்மண் பூசிப் புனைந்து, காவலமைந்த தனியிடமாக அதனை மாதரி ஒதுக்கித் தருகிறாள். சமைக்க நற்கலங்களையும் காய்கனிகளையும் ஆயர்குலப் பெண்டிர் கொணர்கின்றனர். மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டத் துணைநிற்கிறாள். விரல் சிவக்கக் காய் அரிந்து கண்ணகி ஆக்கிய உணவை, கைத்திறன் மிக்க ஒருத்தி முடைந்த ஓலைத் தவிசில் அமர்ந்து கோவலன் உண்கிறான். காப்பியத்தில் இவ்விருவரும் இல்லறத்தார்க்குரிய உணவைப் பகிர்ந்து வாழ்வதை நாம் அண்மையில் நின்று காணும் இடம் இதுவே. அமளியை வருணிக்கும்போது தோன்றாத அணுக்கம் தவிசை வருணிக்கும்போது தோன்றுகிறது. மயனின் பெயர் உவமையாக வந்தது. தவிசை முடைந்தவளுக்குப் பெயரில்லை. ஆயினும் அவள் கைத்திறனை இளங்கோவடிகள் குறிக்கத் தவறவில்லை.

இங்கு வாடகைக் குடியின் ஐயத்திற்கு விடை கிடைக்கிறது. ஓரிடத்தின் இயல்பு அதில் வாழும் காலத்தின் நீளத்தால் அமைவதன்று. மாதரியின் சிற்றிலில் அவர்கள் தங்கியது மிகக் குறுகிய காலமே. அவ்விடத்தை இனிதாக்கியவள் அதில் குடியேறாத மாதரி. பிறர் தங்குதற்கென ஓரிடத்தைச் செம்மைசெய்தல் அவள் செயலாக இருந்தது. அடைக்கலமாக வந்தவர்க்கு நேர்ந்ததைக் கேட்டு அவள் தீப்புகுந்தாள் என நீர்ப்படைக் காதை கூறுவதால், அச்சிற்றிலை அவள் எத்தகைய பொறுப்பாகக் கருதினாள் என்பது விளங்கும்.

அடைத்த கதவும் திறந்த கதவும்

வள்ளுவர் இல்லறத்தின் பயனைக் கூறுமிடத்து, இல்லின்கண் இருந்து பொருளைக் காத்து வாழ்வதெல்லாம் விருந்தினரைப் பேணி உதவும்பொருட்டே என்கிறார் (81). குறுந்தொகைப் பாடலொன்றில் (118) மாலையில் பலர் புகும் வாயிலை அடைக்கும் முன்னர், உள்ளே வருவோர் உண்டோ என வினவும் வழக்கம் பதிவாகியுள்ளது. கதவை அடைத்தல் உரிமை. அடைக்கும்முன் வினவுதல் கடமை. துறவு நோக்கினர்க்கும் சமூக நோக்கினர்க்கும் தமிழ் அறநூல் தரும் விடை இதுவெனக் கொள்ளலாம். இல்லத்தைப் பேணுதல் பற்றினை வளர்ப்பதாகவோ பிறரை மறப்பதாகவோ அமைய வேண்டுவதில்லை. பிறர்க்கு இடமளிக்கும் ஆற்றலை வளர்ப்பதாக அமையின் அதுவே அறம்.

ஆனால் திறந்த கதவினை மட்டும் அளவுகோலாகக் கொள்வதும் பிழையாகும். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் பாணனின் அடுக்களையை நோக்குக. கூரை சிதைந்து, சுவர் அரித்து, காளான் முளைத்துக் கிடக்கிறது. கண் திறவாக் குட்டிகளை ஈன்ற நாய் அங்குக் குரைக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றிச் சமைக்கிறாள். அறியாதார் பார்ப்பரென நாணிக் கதவடைத்துத் தன் சுற்றத்தோடு ஒருங்கே உண்கிறாள். இக்கதவடைப்பு விருந்தோம்பாமை ஆகாது. அவளிடம் எஞ்சியிருந்த மானத்தைக் காத்தது அக்கதவு ஒன்றே. அடைத்த கதவுக்குள்ளும் உணவு பகிரப்பட்டது. பிறர் கண்ணிலிருந்து மறைந்து இருத்தற்கு ஓரிடம் வேண்டும் என்பது வறியோர்க்கும் உரிய தேவை. பெண்ணொருத்தி எழுதுதற்குத் தனக்கென ஓர் அறை வேண்டும் என 1929இல் வெர்ஜீனியா வுல்ஃப் நூலெழுதியதும் இத்தேவையின் மற்றொரு பக்கமே. ஆகவே, கதவு அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைக் காட்டிலும், அஃது எவரைக் காக்கிறது, எவரை விலக்குகிறது என்பதே கேட்கத்தக்க வினாவாகும். இன்ன உணவை உண்போர்க்கு, இன்ன சாதியார்க்கு, இன்ன சமயத்தார்க்கு வீடில்லை என நகரங்களில் வாடகைக்கு வீடு தேடுவோர் கேட்க நேரும் சொல், பாணன் மனைவி அடைத்த கதவோடு ஒப்புநோக்கத்தக்கதன்று.

எவருடைய உழைப்பு?

இல்லத்தின் இனிமையைப் பேசுவோர் பெரிதும் விட்டுவிடும் செய்தி, அவ்வினிமைக்கு உழைத்தவர் யார் என்பதாகும். பிரெஞ்சு மெய்யியலாளர் காஸ்தோன் பாஷ்லார் 1957இல் வெளியிட்ட 'இடத்தின் கவிதையியல்' என்னும் நூலில், குழந்தைப் பருவத்து வீட்டின் மாடமும் மூலையும் பேழையும் மனிதரின் கனவுகளை எவ்வாறு தாங்கி நிற்கின்றன எனக் காட்டினார். அந்நூல் பெருமை உடையதே. எனினும் ஒருவர் மூலையில் அமர்ந்து கனவு காணும்பொழுது அம்மூலையைத் துடைத்தவர் எங்கிருந்தார் என்னும் வினாவை நாம் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டியுள்ளது.

நம் இலக்கியமும் இவ்வினாவுக்கு விலக்கன்று. வள்ளுவர் கூறும் விருந்தோம்பலின் சுமை வழிவழியாகப் பெண்டிர்மேலேயே ஏற்றப்பட்டது. கொலைக்களக் காதையில் கண்ணகி தன் இழப்பைக் கூறுமிடத்து, விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததைச் சொல்கிறாளேயன்றி மாடத்தையும் அமளியையும் இழந்ததைச் சொல்லவில்லை. இதனைப் பெருமிதமாகவும் வாசிக்கலாம். தனக்கென ஓர் இடத்தைக் கேட்கவும் கற்பிக்கப்படாத நிலையாகவும் வாசிக்கலாம். இரண்டு வாசிப்பும் ஏற்கத்தக்கனவே.

இங்குக் கட்டுரையாளர் தம் குறையொன்றைக் கூறுதல் வேண்டும். ஒற்றையறையிலிருந்து பின்னர் இரண்டு அறைகள் உடைய வீட்டிற்கு மாறியபோது, புத்தக அலமாரியின் இடம் பற்றியும் திரையின் நிறம் பற்றியும் பலநாள் ஆராய்ச்சி நடந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி நாள்தோறும் அடுக்களை வாயிலில் நின்றவாறே தேநீர் அருந்திச் சென்றார். இரண்டாண்டு இவ்வாறு கழிந்தது. விருந்தோம்பல் அதிகாரத்தை வகுப்பில் நடத்திவிட்டுத் திரும்பிய ஒரு நாளில்தான், அவ்வீட்டின் இருக்கை ஒன்றில்கூட அவர் ஒருமுறையும் அமர்ந்ததில்லை என்பது கண்ணில் பட்டது. எவரும் அவரை அமரக்கூடாது எனத் தடுக்கவில்லை. அமருமாறு சொல்லவும் இல்லை. அவ்வறைகளின் தூய்மை முழுதும் அவர் கையால் வந்தது. அவ்வறைகளில் அவர்க்கென ஓரிடம் இல்லை. மறுநாள் முக்காலி ஒன்று வாங்கி வைக்கப்பட்டது. அவர் இன்றும் அதன் விளிம்பில்தான் அமர்கிறார். பொருள் வைத்தவுடன் இடம் உண்டாகிவிடுவதில்லை என்பதையும் அம்முக்காலி கற்பிக்கிறது.

அறையின் இயல்பு

முதலாண்டுப் பர்சாத்திக்கு மீண்டும் வருவோம். தை மாதத் தொடக்கம் வரை அது பொருள்கள் கிடக்கும் இடமாகவே இருந்தது. குளிர் தாங்காத நிலை கண்டு கீழ்வீட்டு மூதாட்டி தம் பழைய ரஜாய் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பின்னர், குடிமைப்பணித் தேர்வின் நேர்காணலுக்குத் தமிழகத்திலிருந்து வந்த முன்னாள் மாணவர் ஒருவர் பத்து நாள் தங்கினார். அவர் உறங்குதற்குப் பாயொன்று வாங்கப்பட்டது. படிப்பதற்கு மேசை சாளரத்தருகே நகர்த்தப்பட்டது. அவர் சென்றபின் பாய் சுருட்டப்பட்டு மூலையில் நின்றது. அதன்பின் வந்தோர் அனைவரும் அம்மூலையைப் பார்த்தவுடன், "இங்குத் தங்கலாம் போலிருக்கிறதே" என்றனர். அறைக்கு இயல்பைத் தந்தது அச்சுருட்டிய பாயே. அஃது இன்னொருவர்க்கென வைக்கப்பட்ட இடத்தின் அடையாளம்.

தில்லியின் குளிர்காலம் மற்றொரு செய்தியையும் உணர்த்துகிறது. கதவும் சாளரமும் இறுக அடைத்து அங்கீட்டி மூட்டி உறங்கியோர், நெருப்பு உமிழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சால் உயிரிழந்த செய்தி ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் வருகிறது. அவர்களுள் பெரும்பாலோர் குளிருக்கு வேறு வழியற்ற உழைப்பாளர். வெப்பத்தைக் காக்க அடைத்த அறையிலும் காற்றுக்குச் சிறு வழி விட வேண்டும் என்பது உடலியல் உண்மை. தன் இனிமையைக் காக்க முயலும் இல்லத்திலும் பிறர்க்குச் சிறு வழி விட வேண்டும் என்பது இக்கட்டுரை வந்தடையும் அறவியல் உண்மை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. இல்லத்தை இனிதாக்கல் இயல்பாகவே தன்னலம் சார்ந்ததன்று. அதன் அறத்தன்மை எவர்க்காக இனிதாக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. நெடுநல்வாடையின் அரண்மனையும் மாதரியின் சிற்றிலும் இதற்குச் சான்றாகின்றன.

2. அறையின் இயல்பு பொருள்களின் விலையாலும் உரிமையாலும் வாழும் காலத்தின் நீளத்தாலும் மட்டும் அமைவதன்று. பிறர்க்கென ஒதுக்கப்பட்ட இடமே அதற்கு முகம் தருகிறது. ஆகவே துச்சிலில் வாழ்வோரும் தம் அறையை இனிதாக்குதல் பொருளுடையதே.

3. தனிமைக்கான கதவும் விலக்குவதற்கான கதவும் வேறு வேறு. முன்னது வறியோர்க்கும் பெண்டிர்க்கும் இன்னும் முழுமையாகக் கிடைக்காத உரிமை. பின்னது எவர்க்கும் உரிமையாகாது.

4. ஓர் இல்லத்தின் இனிமையை அளக்க விரும்புவோர், அவ்வில்லத்தைத் துடைத்துச் செல்பவர் அங்கு எங்கு அமர்கிறார் என்பதை முதலில் நோக்குதல் தகும்.

பதிவுச் சட்டமும் வாடகை ஒப்பந்தமும் நம் குடியிருப்பின் கால எல்லையை வரையறுக்கலாம். அவ்வெல்லைக்குள் எவரை அமரச் சொல்கிறோம் என்பதை வரையறுக்கும் பொறுப்பு குடியிருப்போரையே சாரும்.